அப்பா காலமான பிறகு அவர் கொடுத்த பவர் செல்லுமா? பாகூர் மனை, கடலூர் வீடு – தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்

1. கெடிலம்_மகள் (கடலூர்)

வணக்கம். அப்பா காலமாகி இன்றோடு நாற்பத்தொன்று நாள். நெல்லிக்குப்பத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் பெயரில் இரண்டு சொத்து இருக்கிறது. திருப்பாதிரிப்புலியூரில் நாங்கள் இருக்கும் வீடு ஒன்று, 1998இல் புதுச்சேரி பாகூர் பக்கம் வாங்கிப்போட்ட மனை ஒன்று. இரண்டுமே அவர் சொந்த சம்பாத்தியம்.

போன வருடம் அவருக்கு நடக்க முடியாமல் போனபோது, மனையை விற்கச் சொல்லி அண்ணனுக்குப் பவர் எழுதிக் கொடுத்தார். முறையாகப் பதிவு செய்த பவர்தான். அண்ணன் ஒரு ஆளைப் பிடித்து, கிரய ஒப்பந்தம் போட்டு, நான்கு லட்சம் முன்பணமும் வாங்கி அப்பாவின் வைத்தியத்துக்குச் செலவு செய்துவிட்டார். கிரயம் முடிப்பதற்குள் அப்பா போய்விட்டார்.

இப்போது புரோக்கர் வந்து, "பவர் பதிவானதுதானே? இறந்ததை ஏன் சொல்கிறீர்கள்? உயிரோடு இருக்கிறார் என்று ஒரு சான்று நான் வாங்கித் தருகிறேன், இந்த வாரமே முடித்துவிடலாம்" என்கிறார். வாங்குகிறவர் நல்ல மனிதர், அவரும் பணத்தைக் கொடுத்துவிட்டுத் தவிக்கிறார். அண்ணனுக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை.

இன்னொன்று. வீட்டை அம்மாவுக்கு என்று அப்பா ஒரு உயில் எழுதி வைத்திருக்கிறார். பதிவு செய்யவில்லை. அது செல்லுமா?

2. பாகூர்_ஏரிக்கரை

அப்பாவின் ஆன்மா சாந்தியடையட்டும் அக்கா. புரோக்கர் சொல்வதைத் தயவுசெய்து கேட்காதீர்கள். எங்கள் ஊரிலேயே இப்படி ஒரு கிரயம் நடந்து, பத்து வருடம் கழித்து வாங்கியவர் கோர்ட்டுக்கு நடந்துகொண்டிருக்கிறார். விற்றவர் பத்திரத் தேதியும் இறப்புச் சான்றின் தேதியும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே கதை முடிந்துவிடும்.

3. மஞ்சக்குப்பம்_வக்கீல்

பவர் என்பது ஒருவர் தன் கையை இன்னொருவருக்கு இரவல் கொடுப்பது. கொடுத்தவர் போனால் அதுவும் போயிற்று. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம் 201ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. பதிவு செய்தது, செய்யாதது என்ற வித்தியாசமே இதில் இல்லை. பலரும் ஏமாறும் இடம் இதுதான்: பதிவு செய்த பவருக்கு ஆயுள் கெட்டி என்று நினைத்துவிடுகிறார்கள்.

அதே சட்டத்தில் 208ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. முகவருக்கு, அதாவது பவர் வாங்கியவருக்கு, விஷயம் தெரியாத வரைக்கும் அவரைப் பொறுத்தவரை அதிகாரம் முடிவதில்லை. வெளிநாட்டில் இருக்கும் ஒருவர் இறந்தது தெரியாமல் இங்கே முகவர் கையெழுத்துப் போட்டிருந்தால் அதை வைத்து வாதாடலாம். உங்கள் அண்ணன் கொள்ளி போட்டவர். அவருக்கு அந்த வாதம் கிடையாது. பொய்யான உயிர்ச் சான்றை வைத்துப் பதிவு செய்தால் அது மோசடி, கிரிமினல் வழக்கு. புரோக்கர் அன்றைக்குக் கூட நிற்கமாட்டார்.

வாங்குகிறவருக்கு இதைச் சொல்லுங்கள்: அவர் பணம் வீணாகவில்லை. உங்கள் அப்பா உயிரோடு இருந்தபோது, செல்லுபடியான பவரில் போட்ட ஒப்பந்தம் அது. பவர் செத்தாலும் ஒப்பந்தம் சாகாது. அது வாரிசுகளைக் கட்டுப்படுத்தும். வாரிசுகள் எல்லோரும் சேர்ந்து கிரயம் எழுதிக் கொடுத்தால் அவருக்கு இன்னும் கெட்டியான பத்திரம் கிடைக்கும். இரண்டு மாதம் பொறுத்தால் போதும். ஒப்பந்தத்தில் கெடு முடிகிறது என்றால், எல்லோரும் கையெழுத்துப் போட்டு ஒரு நீட்டிப்பு எழுதிக்கொள்ளுங்கள்.

இனி இரண்டு கேள்வி. வாரிசுகள் யார் யார்? உயிலில் சாட்சிகள் எப்படிக் கையெழுத்துப் போட்டார்கள்? அதை ஒன்றுவிடாமல் எழுதுங்கள்.

4. கெடிலம்_மகள்

ரொம்ப நன்றி சார். அண்ணனிடம் படித்துக் காட்டினேன். புரோக்கரிடம் முடியாது என்று சொல்லிவிட்டார்.

வாரிசு: அம்மா, அண்ணன், நான், தம்பி. தம்பி மஸ்கட்டில் இருக்கிறான்.

உயில் விஷயம் சொல்கிறேன். போன தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பா கட்டிலில் சாய்ந்துகொண்டு, பரீட்சை அட்டையை மடியில் வைத்து, இருபது ரூபாய் பத்திரத்தில் தன் கையாலேயே எழுதினார். எதிர்வீட்டு மாமா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், அப்பா கையெழுத்துப் போட்டதும் அவரும் சாட்சி போட்டார். இரண்டாவது சாட்சி அப்பாவோடு வேலை பார்த்தவர். அவர் புதுப்பாளையத்தில் இருக்கிறார். மறுநாள் அம்மா அந்தப் பத்திரத்தை மஞ்சள் பையில் வைத்து எடுத்துப்போய், அவர் வீட்டுத் திண்ணையில் கையெழுத்து வாங்கி வந்தார்கள். அவ்வளவுதான் நடந்தது. எழுத்து அப்பாவுடையதுதான், அதில் யாருக்கும் சந்தேகமில்லை.

5. பழைய_பத்திர_எழுத்தர்

அந்தத் திண்ணையில்தான் தப்பு நடந்துவிட்டது மகளே. கேட்கவே கஷ்டமாக இருக்கிறது.

முப்பது வருடத்துக்கு மேல் பத்திரம் எழுதியிருக்கிறேன். உயிலுக்கு முத்திரைத் தாளே வேண்டாம், வெள்ளைத் தாள் போதும். பதிவும் கட்டாயமில்லை. கையால் எழுதலாம், தட்டச்சும் செய்யலாம். இதிலெல்லாம் சட்டம் தாராளமாக விட்டிருக்கிறது. சாட்சி விஷயத்தில் மட்டும் விடாது. குறைந்தது இரண்டு பேர். ஒவ்வொருவரும், எழுதியவர் கையெழுத்துப் போடுவதைப் பார்த்திருக்க வேண்டும், இல்லையென்றால் "இது என் கையெழுத்துதான்" என்று அவர் வாயால் கேட்டிருக்க வேண்டும். அப்புறம், அவர் கண்ணெதிரே சாட்சி தன் கையெழுத்தைப் போட வேண்டும். சாட்சிகள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும் என்பதில்லை. ஒருவர் காலையிலும் ஒருவர் மாலையிலும் வந்து போடலாம். ஆனால் எழுதியவர் இரண்டு வேளையும் எதிரில் இருக்க வேண்டும்.

அந்தப் புதுப்பாளையத்துக்காரரை ஆட்டோ வைத்து அழைத்து வந்து அப்பா கட்டில் பக்கத்தில் உட்கார வைத்திருந்தால் வேலை முடிந்திருக்கும்.

6. மஞ்சக்குப்பம்_வக்கீல்

ஐயா சொன்னது சரி. இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925, பிரிவு 63. சாட்சியத்தில் ஒரு சாட்சி மட்டுமே நிற்கிறார், ஆகவே உயில் நிற்காது. இரண்டாவது சாட்சியிடம் "எதிரில்தான் போட்டேன் என்று சொல்லிவிடுங்கள்" என்று யாராவது யோசனை சொன்னால், அதற்கும் இடம் கொடுக்காதீர்கள்.

பயப்பட வேண்டாம். உயில் இல்லாமல் போனால் சொத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி முதல் வகுப்பு வாரிசுகளுக்குச் சமமாகப் போகும். பிள்ளைகள் மூன்று பேருக்கும் அப்பாவின் விருப்பம் சம்மதம் என்றால், உங்கள் பங்குகளை அம்மா பெயருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிடலாம். தமிழ்நாட்டில் 2023 ஜூலையிலிருந்து குடும்பத்துக்குள் எழுதும் விடுதலை, செட்டில்மெண்டுக்கு முத்திரைத் தீர்வை உச்சவரம்பு 40,000 ரூபாய், பதிவுக் கட்டணம் உச்சவரம்பு 10,000 ரூபாய்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். அப்பாவைப் பெற்ற அம்மா இருக்கிறார்களா?

7. கெடிலம்_மகள்

இருக்கிறார்கள் சார். 93 வயது. பண்ருட்டி பக்கம் அத்தை வீட்டில். ஏன் கேட்கிறீர்கள்?

8. மஞ்சக்குப்பம்_வக்கீல்

அப்படியென்றால் வாரிசு நான்கு பேர் இல்லை, ஐந்து பேர்.

ஆண் ஒருவர் உயில் இல்லாமல் இறந்தால், மனைவி, மகன்கள், மகள்கள் என்று எல்லோரும் எண்ணிவிடுவார்கள். தாயும் முதல் வகுப்பு வாரிசு என்பதை மறந்துவிடுவார்கள். பாட்டிக்கும் உங்களுக்கு வருகிற அதே அளவு, ஐந்தில் ஒரு பங்கு. வீட்டிலும் உண்டு, மனையிலும் உண்டு. நாளைக்குப் பாட்டிக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்தப் பங்கு அவருடைய பிள்ளைகளுக்குப் போகும். அதாவது உங்கள் அத்தைகள், சித்தப்பாக்கள் இருந்தால் அவர்கள், அப்பாவின் வழியில் நீங்கள் மூவர். இப்போது ஒரு கைரேகையில் முடிகிற காரியம் அப்போது பத்துக் கையெழுத்தாகிவிடும்.

வாரிசுச் சான்றுக்கு மனு போடும்போதே பாட்டி பெயரைச் சேருங்கள்.

9. கெடிலம்_மகள்

இப்போதுதான் அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவங்க பெத்த புள்ளைதானே, அவங்களுக்கு இல்லாமலா" என்றார்கள். நாளைக்கே பாட்டியைப் பார்க்கப் போகிறோம்.

தம்பியால் இப்போது வர முடியாது. அவனும் பவர்தான் தர வேண்டுமா? பாட்டியால் பாகூர் வரை உட்கார்ந்து வர முடியாது.

10. முத்தியால்பேட்டை_வாசி (புதுச்சேரி)

வெளிநாட்டுப் பவர் பற்றி நான் சொல்கிறேன், என் தங்கை பிரான்சில் இருப்பதால் இந்த வேலையை இரண்டு தடவை செய்திருக்கிறேன். தம்பி மஸ்கட்டில் உள்ள இந்தியத் தூதரகத்தில் நேரில் போய்க் கையெழுத்துப் போட்டுச் சான்று வாங்க வேண்டும். அசலைத் தபாலில் அனுப்பட்டும், ஸ்கேன் உதவாது. இந்தியாவுக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். முதல் தடவை நாங்கள் பீரோவில் வைத்துவிட்டு நான்காவது மாதம் எடுத்துப் போனோம். மறுபடியும் தங்கை பாரீசுக்கு ரயிலேறி, நாள் வாங்கி, எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தாள். உறை வந்த தேதியைக் கவர் மேலேயே எழுதி வைத்து, கவரையும் பத்திரப்படுத்துங்கள்.

பவரில் மனையின் சர்வே எண், அளவு, நான்கெல்லை எல்லாம் மூலப்பத்திரத்தில் உள்ளபடியே இருக்கட்டும். "பாகூரில் உள்ள என் பங்கு" என்று மட்டும் எழுதினால் திருப்பி அனுப்புவார்கள்.

11. பழைய_பத்திர_எழுத்தர்

பாட்டிக்கு வழி இருக்கிறது. பவர் கொடுப்பவர் எந்த ஊரில் வசிக்கிறாரோ அந்த ஊர்ச் சார்பதிவாளர் முன்னால் எழுதிச் சான்று பெற்றால், அது வேறு ஊரில், புதுச்சேரியிலும்கூட, பத்திரம் தாக்கல் செய்யச் செல்லும். நடமாட முடியாதவர் என்றால் மனு கொடுத்துக் கட்டணம் கட்டினால் சார்பதிவாளரே வீட்டுக்கு வருவார். பதிவுச் சட்டத்திலேயே அதற்கு இடமிருக்கிறது. ஒரு மருத்துவரிடம் உடல்நிலைச் சான்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சார்பதிவாளர் பாட்டியிடம் நேரடியாகக் கேட்பார், சொத்து எது, யாருக்கு அதிகாரம் தருகிறீர்கள் என்று. பக்கத்திலிருந்து எடுத்துக்கொடுக்காதீர்கள். மெதுவாகச் சொன்னாலும் அவரே சொல்லட்டும்.

மகளே, அந்தப் பவரும் பாட்டியின் ஆயுள் வரைக்கும்தான். வாங்கிய கையோடு கிரயத்தை முடித்துவிடுங்கள்.

12. நெய்வேலி_டவுன்ஷிப்

இழையைக் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எனக்கு வேறு மாதிரி பிரச்சினை. கணவருக்கு பக்கவாதம் வந்து மூன்று மாதமாகப் படுக்கை. பேச்சில்லை, ஆளைத் தெரிகிறதா என்றே சொல்ல முடியவில்லை. அவர் கணக்கில் வைப்புத்தொகை இருக்கிறது, குறிஞ்சிப்பாடியில் நிலம் இருக்கிறது. ஆஸ்பத்திரிச் செலவுக்கு எதையும் தொட முடியவில்லை. போன வருடம் எனக்கு அவர் பவர் கொடுத்திருந்தார், அதை வைத்துச் செய்யலாமா?

13. மஞ்சக்குப்பம்_வக்கீல்

அம்மா, மனம் வருந்துகிறேன். அதே 201ஆம் பிரிவுதான் இங்கேயும் குறுக்கே நிற்கிறது. கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தாலும் பவர் முடிந்துவிடும். சில நாடுகளில், நினைவு தப்பிய பிறகும் தொடரும் பவர் என்று தனியாக ஒன்று உண்டு. நம் நாட்டில் அப்படி ஒன்று இல்லை. எந்த நாளைக்குப் பவர் மிகவும் தேவையோ அந்த நாளில்தான் அது கையில் இல்லாமல் போகிறது. உயிலும் உதவாது, அது இறந்த பிறகுதான் உயிர் பெறும்.

வழி உயர்நீதிமன்றம். 2024 மே மாதம் சென்னை உயர்நீதிமன்ற அமர்வு ஒன்று, சுயநினைவில்லாத கணவருக்கு மனைவியைப் பாதுகாவலராக நியமித்து, வைத்தியத்துக்காக அவர் சொத்தை விற்கவும் அனுமதித்தது. சிவில் கோர்ட்டில் போய் நிற்கச் சொல்வது சரியல்ல என்றும் சொன்னது. கேரள உயர்நீதிமன்றம் 2019லேயே இதற்கான நெறிமுறைகளை வகுத்திருக்கிறது. நரம்பியல் மருத்துவரின் அறிக்கை, சிகிச்சைக் கட்டண ரசீதுகள், சொத்துப் பத்திரங்கள், பிள்ளைகளின் சம்மதம், இவற்றைச் சேர்த்து எடுத்துக்கொண்டு ரிட் மனு நடத்தும் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். பணமில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச உதவி உண்டு.

மற்றவர்களுக்கு: வீட்டுச் செலவுக்கும் வைத்தியத்துக்கும் வேண்டிய பணத்தையாவது கணவன் மனைவி இருவர் பெயரிலும், இருவரில் ஒருவர் எடுக்கலாம் என்ற முறையில் வையுங்கள்.

14. நெய்வேலி_டவுன்ஷிப்

மூன்று மாதத்தில் முதல் தடவையாக ஒரு வழி இருக்கிறது என்று கேட்கிறேன். நன்றி சார்.

15. சிப்காட்_குமார்

நான் 2009இல் ஒரு மனையைப் பவர், ஒப்பந்தம், உயில் மூன்றும் வாங்கி, முழுப் பணமும் கொடுத்துவிட்டேன். கிரயச் செலவு மிச்சம் என்று சொன்னார்கள். விற்றவர் இப்போது இல்லை. என் நிலை?

16. மஞ்சக்குப்பம்_வக்கீல்

இப்படி வாங்கினால் உரிமை மாறாது என்று 2011 அக்டோபரில் சூரஜ் லேம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. பதிவு செய்த கிரயப் பத்திரம் வேண்டும். முன்பே நேர்மையாக நடந்தவை முற்றிலும் வீண் என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. கையில் உள்ள ஒப்பந்தம், பணம் கொடுத்த ஆதாரம், நீங்கள் அனுபவத்தில் இருப்பதற்கான வரி ரசீதுகளோடு விற்றவரின் வாரிசுகளிடம் பேசிக் கிரயம் வாங்கப் பாருங்கள். பணம் வாங்கிக்கொண்டு கொடுத்த பவர், முகவருக்கும் அந்தச் சொத்தில் உரிமை உண்டு, ஆகவே கொடுத்தவர் இறந்தாலும் அது முடியாது என்ற ஒப்பந்தச் சட்டம் 202ஆம் பிரிவு வாதமும் இருக்கிறது. அதற்குப் பத்திரங்களை நேரில் பார்க்க வேண்டும். காலவரம்பு ஓடிக்கொண்டிருக்கும், தாமதம் வேண்டாம்.

17. பாகூர்_ஏரிக்கரை

பவரைத் தவறாகப் பயன்படுத்தினால் என்ன செய்வது என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் பெரியம்மா, வாடகை வசூலிக்கத்தான் ஒருவருக்குக் கொடுத்தார். அச்சடித்த மாதிரியில் "விற்கவும், அடமானம் வைக்கவும்" என்று இருந்ததை யாரும் படித்துக் காட்டவில்லை. அவர் விற்பதற்குப் பேச ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது. ரத்துப் பத்திரம் எழுதி அதே சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தோம். அந்த ஆளுக்கு ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால் அனுப்பினோம். பேச்சு நடத்திய வாங்குபவருக்கும் தனியாகக் கடிதம் கொடுத்தோம், தமிழ் நாளிதழில் அறிவிப்பும் போட்டோம். மறுவாரம் வில்லங்கச் சான்று போட்டு ரத்து ஏறியிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் பெரியம்மா சாப்பிட்டார். எதற்குக் கொடுக்கிறோமோ அதை மட்டும் எழுதுங்கள். பத்திரத்தை வரி வரியாகச் சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

18. முத்தியால்பேட்டை_வாசி

புதுச்சேரிக்காரர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. 1881ஆம் ஆண்டு ஆணைப்படி சொந்தச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடியியல் சட்டத்தை ஏற்றுக்கொண்ட ரெனோன்சான் குடும்பம் என்றால், மேலே சொன்ன இந்து வாரிசுக் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. பிரெஞ்சு முறையில், பிள்ளைகளுக்கென்று சட்டம் ஒதுக்கும் பங்கை உயிலால் பறிக்க முடியாது. அதே முறையில் முழுக்கக் கையால் எழுதித் தேதியும் கையெழுத்தும் இட்ட உயிலுக்குச் சாட்சியே தேவையில்லை. அதைக் கேள்விப்பட்டுவிட்டு மற்றவர்களும் சாட்சியில்லாமல் எழுதி வைத்துவிடுகிறார்கள். பெட்டியில் பாட்டன் காலத்துக் காகிதங்கள் இருந்தால் முதலில் அதைப் பார்த்து உங்கள் குடும்பம் எது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

19. கெடிலம்_மகள்

இரண்டு மாதம் கழித்து எழுதுகிறேன். நேற்று பாகூரில் கிரயம் முடிந்தது.

பாட்டிக்காகச் சார்பதிவாளர் வீட்டுக்கே வந்தார். பாட்டி குளித்து, வெள்ளைப் புடவை கட்டி, கூடத்தில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்கள். "என்ன பத்திரம் தெரியுமா பாட்டி" என்று அவர் கேட்டார். "எம்மவன் பேச்சு கொடுத்துட்டுப் போயிட்டான். அந்த எடத்தைக் குடுத்துடணும். பேரன் போய் எழுதட்டும்" என்றார்கள். ரேகை சரியாக விழவில்லை, வயதில் விரல் தேய்ந்துவிட்டது. நாலாவது தடவைதான் விழுந்தது. வீட்டுப் பங்கையும் அம்மாவுக்கு விடுதலை எழுதித் தருவதாக அவர்களே சொன்னார்கள். அத்தையும் பக்கத்தில் நின்று சரி என்றார்கள். மருமகளிடம் பணம் வேண்டாம் என்றுதான் பாட்டி சொன்னார்கள். ஆனாலும் மனை விற்றதில் அவர்கள் பங்கை அவர்கள் பெயரில் வங்கியில் போட்டுவிட்டோம்.

இப்போது அம்மாவும் உயில் எழுத வேண்டும் என்கிறார்கள். வீட்டை எங்களுக்கே செட்டில்மெண்ட் எழுதிவிடலாம் என்று சொந்தக்காரர்கள் சிலர் சொல்கிறார்கள். எது நல்லது? சாட்சிக்கு நானும் அண்ணனும் போடலாமா?

20. பழைய_பத்திர_எழுத்தர்

பாட்டி நூறாண்டு இருக்கட்டும்.

அம்மா உயிலே எழுதட்டும். செட்டில்மெண்ட் எழுதிய அன்றே வீடு கைமாறிவிடும், பிறகு நினைத்தாலும் தனியாக ரத்து செய்ய முடியாது. பிள்ளைகள் பார்க்கவில்லை என்றால், 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தில் 23ஆம் பிரிவுப்படி கோட்டாட்சியரிடம் போகலாம். ஆனால் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை பத்திரத்தில் இல்லையென்றால் அதற்கே போராட வேண்டியிருக்கும். உயில் என்றால் கடைசி வரை வீடு அம்மாவுடையது. நூறு தடவை மாற்றி எழுதலாம், கடைசியாக எழுதியதுதான் நிற்கும்.

பதிவு செய்துவிடுங்கள். கட்டாயமில்லைதான், ஆனாலும் காகிதம் தொலையாது, "அது அம்மா கையெழுத்தே இல்லை" என்று பேசுவதும் குறையும்.

21. மஞ்சக்குப்பம்_வக்கீல்

சாட்சிக்கு நீங்கள் இருவரும் வேண்டாம். கிறிஸ்தவர்கள் என்றால், சாட்சி போட்டவருக்கோ அவர் கணவன் மனைவிக்கோ எழுதியது செல்லாமலே போய்விடும். இந்து உயிலுக்கு அந்த விதி பொருந்தாது, ஆனால் பயன் பெறுபவரே சாட்சி என்றால் கோர்ட்டில் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். அம்மாவை நன்றாகத் தெரிந்த, சொத்தில் சம்பந்தமில்லாத இரண்டு பேர். வயதில் அம்மாவைவிட இளையவர்களாக இருக்கட்டும். உயிலை நிரூபிக்க அவர்களில் ஒருவராவது நாளைக்குக் கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டும்.

விடுதலைப் பத்திரங்கள் எல்லாம் பதிவாகி, பட்டா அம்மா பெயருக்கு மாறிய பிறகு உயிலை எழுதுங்கள். பாட்டியின் விடுதலையை முதலில் முடியுங்கள்.

22. கெடிலம்_மகள்

பாட்டியின் விடுதலை வரும் புதன்கிழமை. சாட்சிக்கு அம்மாவோடு படித்த ஒருவரின் மகளும், எங்கள் தெரு மருந்துக்கடைக்காரரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு பேரும் வீட்டுக்கே வருகிறார்கள் சார், அம்மா எதிரிலேயே உட்கார்ந்து போடுவார்கள்.